நாலாவது புள்ளி

ஊசி மையை ஊற்றுவதில்லை.
அது திறந்துவிட்டு வெளியே வந்துவிடும்,
தோல்தான் குடிக்கிறது.
முதல் நாள் என் தொடையிலேயே குத்திப் பார்த்துத்
தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன் ஒன்பது வருஷம் ராணிப்பேட்டையில்.
குரோமில் ஊறி நீலமாக வரும் ஆட்டுத்தோலை
இழுத்துக் கவ்வியில் மாட்டும் வேலை.
உண்ணி கடித்தது, முள் கிழித்தது,
சூடு போட்டது எல்லாம்
கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும்.
எந்தத் தோலும் பதில் பேசியதில்லை.

இப்போது சத்துவாச்சாரியில்
செல்போன் கடைக்கு மேலே, தகரத்துக்குக் கீழே
ஒரு நாற்காலி, ஒரு வட்ட விளக்கு, ஒரு மெஷின்.
மே மாதம் ஸ்டென்சில் வியர்வையில் வழுக்கும்.
சிங்கம் கேட்டு வரும் கல்லூரிப் பையன்
வாலுக்கு வருவதற்குள்
"அக்கா, தண்ணி" என்பான்.
லீவில் வந்த பட்டாளத்துக்காரர்
ரத்தப் பிரிவு மட்டும் போதும் என்றார்,
"பெருசா எழுது, இருட்டுல தெரியணும்."
ஷாலினியை இலையாக்கச் சொன்னவன்
இலைக்குள் இன்னும் 'லி' தெரிகிறது என்று
மூன்று தடவை வந்தான்.

தமயந்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
குடியாத்தம் தபால் ஆபீஸில்
முத்திரை குத்துகிறவள்.
கதவைச் சாத்தச் சொன்னாள்.
நெஞ்சின் நடுவில் ஒன்று,
விலாவில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
கடுகில் பாதி. நீலம் ஓடிய கறுப்பு.
என் கை அறியாத கை குத்தியது,
ஆனால் சுத்தமான கை.

"ஆஸ்பத்திரில வச்சது.
மெஷினுக்கு வழி தெரியணுமாம்.
தெனம் வெளிச்சக் கோடு
இதே எடத்துல வந்து நிக்கணுமாம்.
இருவத்தஞ்சு நாள் நின்னுச்சு."

பூவாக்கட்டுமா என்றேன்.

"இன்னாத்துக்கு? அது வந்த வேலைய முடிச்சிட்டுது.
மூணும் என்னைக் கேக்காம வச்சது.
நாலாவது நான் சொல்ற எடத்துல."

வலது உள்ளங்கையை விரித்தாள்.
முத்திரைக் கட்டையின் பிடி உரசி
காய்த்துப்போன இடம்.

அங்கே நிற்காது என்றேன்.
மேல்தோலுக்குக் கீழே, கொழுப்புக்கு மேலே,
ஒன்றரை மில்லிமீட்டர்:
அந்த மாடியில்தான் மை குடியிருக்கும்.
மேலே விட்டால் உதிரும்,
கீழே விட்டால் கலங்கும்.
உன் கையில் மேல்மாடியே கல்லாக இருக்கிறது,
அதுவும் வாரத்துக்கு வாரம் இடிந்து கட்டுகிறது.

"குத்து."

ஸ்பிரிட்டால் துடைத்தேன். கையுறை மாற்றினேன்.
இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தேன்,
பாதி வேலை அதுதான்,
ராணிப்பேட்டையில் கற்ற ஒரே வித்தை.
மெஷின் கூவியது.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
ஊசியையும் பார்க்கவில்லை,
சுவரில் ஒட்டிய விலைப்பட்டியலைப் படித்தாள்.
குறைந்தபட்சம் ஐந்நூறு.
"ஒரு புள்ளிக்கா?"
"புதுசா பிரிச்ச ஊசிக்கு."
சிரித்ததில் கை ஆடியது,
புள்ளி கொஞ்சம் கோணல்.

மையை நட்டதும் நடப்பது இது:
உடம்பின் காவலாள் ஒருவன் ஓடிவந்து விழுங்குவான்.
செரிக்காது. துப்பவும் தெரியாது.
வாயில் வைத்தபடியே நிற்பான்.
அவன் செத்தால்
பக்கத்தில் நிற்பவன் வாங்கிக்கொள்வான்.
பச்சை என்று நாம் சொல்வது
அந்தக் கைமாற்றத்தைத்தான்.

ஆவணியில் வந்தாள், உள்ளங்கை வெறுமையாக.
தை மாதம் மறுபடி.
நெஞ்சில் மூன்றும் அப்படியே,
கேட்காமல் வந்தவை போகாமலும் இருக்கின்றன.

போன வாரம் மாடிப்படியிலிருந்தே கூப்பிட்டாள்,
பஸ் வியர்வையோடு, கையைத் தூக்கிக்கொண்டு:
"திரும்பவும் போயிட்டுது!"

புது ஊசி பிரித்தேன்.
அடுத்த தடவைக்கு இப்போதே
தேதி போட்டுத் தரச் சொல்கிறாள்.