விளக்கு வைத்த பிறகு

கல்யாண வீடியோ எடிட் செய்கிற கணினிகளில்
சேரும் குப்பையை மட்டும் அள்ளும்
என்று விளம்பரத்துக்கு எழுதிக்கொடுத்தேன்.
‘மட்டும்’ வேண்டாம், விற்காது என்றார் விளம்பரக்காரர்.
எடுக்கவில்லை.
விற்கவும் இல்லை, பெரிதாக.

மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினோரு பிரதிகள்.
ஒன்று நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
பெயர்: விளக்குமாறு.
வைத்த அன்று நானே சிரித்துக்கொண்டேன்.
சாலிகிராமத்து ஸ்டுடியோ ஒன்றில்
லேப்டாப்பைத் திறக்குமுன் கேட்டார்கள்,
“வெளக்கமாத்துக்கு ஐந்நூறு ரூபாயா?”

தாலி கட்டுகிற ஒரு நொடிக்கு
பதினான்கு முன்னோட்டக் கோப்புகள்.
கெட்டிமேளத்துக்குத் தனியாக ஒன்று.
ஆல்பம் வீடு போய்ச் சேர்ந்து,
ஜோடி மூணாறு போய்த் திரும்பி,
ஒன்றிரண்டு ஜோடி வக்கீலைப் பார்த்த பிறகும்
டிஸ்க்கில் கிடக்கும்
பந்தி முடிந்தும் எடுக்காத இலைகளாக.
இலை எடுக்கிற ஆள் நான்.
எதில் இன்னும் பாயசம் இருக்கிறது,
எது மூடி வைத்த இலை என்று
பார்த்து எடுக்கவே
ஒன்றரை வருடம் ஆயிற்று.

வைரஸ் தடுப்பு ஒன்று
என்னையே வைரஸ் என்றது.
நான் நான்தான் என்பதற்கான சான்றிதழ்
வருடத்துக்கு அறுபது பிரதி விலை.
வளசரவாக்கத்தில் யாரோ பூட்டை உடைத்து
பென் டிரைவில் பரப்பினார்கள்.
அவர்களும் சந்தேகம் கேட்டு ஃபோன் செய்கிறார்கள்,
மரியாதையாக, மேடம் என்று.
சொல்லிக்கொடுக்கிறேன்.
குப்பைதானே.

சனி இரவு பதினொன்றே முக்கால்.
மடிப்பாக்கத்தில் கரண்ட் போய் வந்த நேரம்.
போரூர் மேகநாதன்.

“தப்பா நினைக்காதீங்க மேடம்.
நேத்து வெள்ளிக்கிழமை.
விளக்கு வெச்ச பிறகு
உங்க வெளக்கமாறு தானா ஓடுச்சு.
சம்சாரம் ஸ்க்ரீன்ல பேரைப் பார்த்துட்டா.
இன்னைக்குக் காலைல ரெண்டு ஆர்டர் கேன்சல்.”

பதினெட்டு ஜிபி மிச்சமானதைப் பற்றி
அவர் பேசவில்லை.

சார், அது வெறும் என்று தொடங்கினேன்.
வெறும் என்ன?
ஈர்க்குச்சி இல்லை, தூசி இல்லை,
வாசல் வழியாக எதுவும் வெளியே போகவில்லை.
ஆனால் பெயர் வைத்தவள் நான்.

“எத்தனை மணிக்கு விளக்கு வைப்பீங்க?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.
பிறகு தூரத்திலிருந்து
ஒரு பெண்குரல்: “ஆறு.”

நான்கு வரி நிரல்.
கிழமை வெள்ளியா, மணி ஆறு தாண்டியதா,
அப்படியானால் விடியும்வரை சும்மா இரு.
செட்டிங்ஸில் ஒரு சின்னக் கட்டம்.
அதன் பக்கத்தில் என்ன எழுதுவது என்றுதான்
இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.
‘வெள்ளி மாலை பெருக்க வேண்டாம்.’
வேண்டாம் போதும். கூடாது என்று
எந்திரத்துக்குச் சொல்லலாம்,
வாங்கினவர்களுக்குச் சொல்ல முடியாது.

ஞாயிறு மதியம் புதுப் பதிப்பு போனது.
திங்கள் காலை மறுபடி மேகநாதன்.
“ஒரு விஷயம் மேடம்.
நாங்க கல்யாண ஆளுங்க.
நானூத்தித் தொண்ணூத்தொம்பது செருப்புக்கடைக் கணக்கு.
ஐந்நூத்தி ஒண்ணுன்னு வைங்க.
மொய்னு நெனச்சா கை தானா நீளும்.”

சிரித்தேன். வைத்தேன்.
அந்த மாதம் ஒன்பது பேர் வாங்கினார்கள்,
ஆறு பேர் போரூர்.
அதற்கு முந்தைய மாதம் எத்தனை என்று
கேட்காதீர்கள்.

அவர் ஃபோனை வைத்த கையோடு
என் ஃபோனில் டிங் என்றது:
இரண்டு ரூபாய் வரவு.
பழைய விலைக்கும் புது விலைக்கும் உள்ள வித்தியாசம்,
மேகநாதன் அனுப்பியது.

இரண்டு ரூபாய்க்குப் பில் போட
என் தளத்தில் வழி இல்லை.
கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தில்
ஒரு தாளைக் கிழித்து
அவர் பெயரையும் தொகையையும்
கையால் எழுதி வைத்தேன்.