மண்ணைக் கவ்வியவன்

தோற்றவன் மண்ணைக் கவ்வினான் என்று
வாய் சுத்தமாய் இருப்பவர்கள் எழுதுகிறார்கள்.
நான் பதினொரு பருவம்
இக்னாட்ஸி வ்ரோனாவின் மண்ணைத் தின்றவன்.
எங்கள் ஊர்த் தடத்தில் அது செங்கல் பொடி.
ஆற்றுக்கு அக்கரையில் கரி கலந்த நறநறப்பு.
மழை விட்ட ஞாயிறுகளில்
மெத்தனால் வாடையோடு
கஞ்சிபோல் வந்து கண்ணாடியில் அப்பும்.
ஒவ்வொரு படலமாய்க் கிழித்தெறிவேன்.
கடைசிப் படலமும் தீர்ந்தபின்
அவன் சத்தத்தைப் பார்த்து ஓட்டுவேன்.

பிரேக் கிடையாது.
நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிடம்.
இடப்பக்கம் வளைய
வலப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
இதை என் அம்மாவிடம்
கடைசிவரை விளங்க வைக்க முடியவில்லை.

முதல் நாள் வந்தபோது அவனுக்குப் பதினேழு.
இரவல் தோலுடுப்பு, மணிக்கட்டுக்கு மேல் நின்ற கை.
அக்கா லுட்ஸினா வண்டியைத் தள்ளி வந்தாள்.
இடக்காலுக்கு அவள் பற்றவைத்துக் கொடுத்த இரும்புச் செருப்பு
பழைய டிராமின் படிக்கட்டுத் தகடு.
சிரித்தோம்.
நாடா மேலெழும்பியது.
சிரிப்பை நான் முடிப்பதற்குள்
அவன் வளைவில் பொறி பறக்கச் சாய்ந்திருந்தான்.

வ்ரோனா என்றால் எங்கள் மொழியில் காகம்.
பன்னிரண்டாயிரம் பேர் கரைவார்கள்,
பூசை முடிந்து நேரே வந்த பாதிரியார் உட்பட.

காறையெலும்பு மூன்று தடவை.
இடுப்பில் எட்டுத் திருகாணி.
ஸ்வீடனில் ஒரு செப்டம்பர் இரவு உலகப் பட்டம்.
மேடையில் அவன் நன்றி சொன்னது
அக்காவுக்கும், தடத்துக்குத் தண்ணீர் தெளித்த லாரிக்காரருக்கும்.
அந்த இறுதி ஓட்டத்தில் நானும் இருந்தேன்.
புகைப்படத்தில் தேடாதீர்கள்,
அவன் வாரியடித்த மண்ணுக்குள் இருக்கிறேன்.

முதலுக்கு மூன்று, அடுத்தவனுக்கு இரண்டு.
இரண்டு இரண்டாய்ச் சேர்த்துத்தான்
வீடு கட்டினேன், மகளைப் படிக்க வைத்தேன்.

ஒரே ஒரு தடவை
மூன்றாம் சுற்றில் நான் முன்னால் இருந்தேன்.
எதிரே எதுவுமில்லை.
சீவிவிட்ட தலைபோல் தடம்,
கண்ணாடியில் ஒரு துளி அழுக்கில்லை.
பயந்துவிட்டேன்.
எங்கே சாய்வது, எப்போது விடுவது,
எல்லாம் அவன் பின்சக்கரத்தில் அல்லவா படித்திருந்தேன்!
அகலமாய்ப் போனேன்.
உள்பக்கம் நுழைந்து போனான்.

“ஏன் வழி விட்டாய்?” என்றான் கொட்டகையில்,
தலைக்கவசத்தைக் கழற்றாமலே.
விடவில்லை என்றேன்.
நம்பவில்லை.
இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.
அவன் எனக்குச் செய்த
ஆகப் பெரிய மரியாதை அது.

விடைபெறும் விழா நடக்கவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை வண்டிகளை விற்றுவிட்டான்.
லுட்ஸினா செருப்பை மட்டும் விற்கவில்லை,
பட்டறைக் கதவு மூடாமலிருக்க முட்டுக் கொடுத்திருக்கிறாள்.

இப்போது ரொட்டி வேன் ஓட்டுகிறான்.
விடிகாலை ஐந்து மணி,
சர்க்கரை ஆலைப் பக்கம் புது வட்டச் சந்தி.
எங்கள் நாட்டில் அதை இடப்பக்கமாய்த்தான் சுற்ற வேண்டும்.
முந்தாநாள் பார்த்தேன்:
வெளியேறும் சாலையை விட்டுவிட்டு
இன்னொரு சுற்று. இன்னொன்று.
ரொட்டித் தட்டுகள் ஒரு பக்கமாய்ச் சரியும் சத்தம்.
நான்காவது முடிந்ததும்
ஒன்றும் நடக்காததுபோல் விளக்குப் போட்டுத் திரும்பிப் போனான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா?
என் கார் பின்னால் இருந்தது,
நாலு சுற்றும்.