எந்தப் பக்கமும் சாராத நிறம்

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
மீன் ஏலக்கூடத்துக்கு அடுத்த கதவு என் பெயின்ட் கடை.
ஊர் முழுக்க வீடுகள் வெளியே கத்திக்கொண்டிருக்கும்:
தார்க் கறுப்பு, கடுகு மஞ்சள், ரத்தச் சிவப்பு.
உள்ளே மட்டும் இப்போது எல்லோருக்கும்
அமைதி வேண்டியிருக்கிறது.

மார்யுன் வந்தாள். பின்னால் ஹேயின்,
கம்பளித் தொப்பியைக் கழற்றாமல்.
"சண்டை வராத நிறமாக ஒன்று கொடு" என்றாள்.
கூடம். நான்கு சுவர். ஒரே ஜன்னல், அதுவும் வடக்கு.

அட்டையை விரித்தேன்.
ஓட்ஸ் கஞ்சி. ஈர மணல். ஆட்டு மயிர்.
நேற்றுக் காய்ச்சிய பால்.
முப்பத்தாறு கட்டங்கள்,
நாலடி தள்ளி நின்றால் ஒரே கட்டம்.

அவள் பன்னிரண்டாம் எண்ணைத் தொட்டாள்.
"அது தென்மேற்குக் காற்று" என்றான்.
விரல் நகர்ந்தது.
"அது விடிவதற்கு முன், வலை இழுக்கும் நேரம்."
இன்னும் நகர்ந்தது.
"சும்மா கிடக்கும் கடல். நம்பக்கூடாது."
"இது சுவர், ஹேயின்" என்றாள்.

முப்பத்தோரு வருஷம் படகில் இருந்தவனிடம்
சாம்பல் எல்லாம் ஒரே சாம்பல்தான் என்று
யார் போய்ச் சொல்வது?

ஐந்து சின்ன டின்களில் மாதிரி கலந்து கொடுத்தேன்.
வெள்ளை அடிப்பூச்சில் கறுப்பு நான்கு துளி,
மஞ்சள் இரண்டு, காவி ஒன்றரை,
நீலம் ஊசிமுனையளவு.
எந்தப் பக்கமும் சாராத நிறத்துக்கு
எல்லாப் பக்கத்திலிருந்தும்
கொஞ்சம் பிடுங்க வேண்டியிருக்கிறது.
வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்வதில்லை.
இயந்திரம் குலுக்குகிற சத்தத்தில்
சொன்னாலும் கேட்காது.

வியாழக்கிழமை தனியாக வந்தாள்.
சுவரில் ஐந்து சதுரம் பூசி வைத்தாளாம்.
நான்காவதன் முன்னால்
இரவோடு இரவாக
அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டானாம்.
தரையெல்லாம் கீறல்.
கேட்டால் பதில் இல்லை.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
நான்காவதின் பெயர் "மென்மூட்டம்".
வைத்தவர் எங்கோ ஒரு சூடான அறையில்
உட்கார்ந்திருந்திருப்பார்.

ஹேயினின் தம்பி ரேக்வி திரும்பி வராத பிப்ரவரியில்
வானமும் தண்ணீரும் அந்த நிறத்தில்தான்
ஒட்டிக்கொண்டிருந்தன, தையல் தெரியாமல்.
துறையில் நானும் நின்றேன்.
மார்யுனும் நின்றாள்,
ஆனால் அவள் கடலைப் பார்க்கவில்லை.
இறங்கி வந்தவர்களில்
இவன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு எப்படித் தெரியும்?

சொல்லவில்லை.
அட்டையில் இல்லாத ஒன்றைக் கலக்கத் தொடங்கினேன்.
நீலத்தை நிறுத்தினேன். காவி அரைத் துளி கூட.
மூடியில் தொட்டு வைத்து,
ஹேர் டிரையரில் காயவைத்து,
ஜன்னலுக்குக் கொண்டுபோய்,
திரும்பவும் அரைத் துளி.
"இதற்கு என்ன பெயர்?" என்றாள்.
டின்னில் பெயர் எழுதும் கோட்டைக் காலியாக விட்டேன்.
விலையை மட்டும் எழுதினேன். பத்து லிட்டருக்கு.

ஜூன் மாதம் காப்பிக்குக் கூப்பிட்டார்கள்.
நன்றாகத்தான் இருந்தது. பூச்சில் ஓரிடம் திட்டு.
அவனுடைய ஆரஞ்சு மழைக்கோட்டு ஆணியில் தொங்க,
அதன் பக்கத்துச் சுவர் லேசாகச் சிவந்திருந்தது,
கூச்சப்பட்ட மாதிரி.
"இது எந்தக் காற்று?" என்று கேட்டுப் பார்த்தேன்.
கோப்பையைக் கீழே வைத்து
நெடுநேரம் சுவரையே பார்த்தான்.
"இந்தப் பக்கத்தில் அடிப்பதில்லை" என்றான்.

அலமாரியை மட்டும் யாரும் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை.
அதன் பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு
நான்காவது இன்னும் இருக்க வேண்டும்.
மார்யுன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
நானும் எட்டிப் பார்க்கவில்லை.
என் காப்பியில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினாள்.
கறுப்பு போய்,
பதினேழாம் எண் வந்து,
இருபதைத் தாண்டும்போது
போதும் என்றேன்.