முதலில் ஜோடி சேர்ந்தவர்

அவர் போன் இரண்டாம் மாடியில்.
கார் கீழே, புங்கமரத்தடியில்.
சாவியைத் திருப்பியதும்
மடியில் கிடக்கும் என் போனை விட்டுவிட்டு
மாடிக்கு எட்டிப் பிடித்தது புளூடூத்.
முதலில் ஜோடி சேர்ந்தவர் அவர்தானாம்.
பட்டியலில் தனகோட்டி மேலே, நான் கீழே.
தவணை கட்டுவது யார் என்று
அதற்கு எங்கே தெரியப்போகிறது.

காட்பாடி காந்தி நகர், ஏழு நாற்பது.
எட்டரைக்குள் சிப்காட் வாசலில் விரல் வைக்காவிட்டால்
அரைநாள் போச்சு.
ரிவர்ஸ் எடுக்கிறேன்.
நான்கு கதவுகளிலிருந்தும் ஓர் ஆண்குரல்:

"இன்னா கோட்டி, வூட்ல சொல்லிட்டியா இல்லியா?
ஞாயித்துக்கெழம கையெழுத்துப்பா.
அப்புறம் அவங்க கேட்டா நான் பொறுப்பு இல்ல...
ஹலோ? கோட்டி? ஹலோ?"

மேலே அவர் காதில் ஒன்றும் விழுந்திருக்காது.
பால்கனியில் செத்த போனைத் தட்டித் தட்டி
அவரும் ஹலோ ஹலோ.
நடுவில் நான்,
ஸ்டியரிங்குக்கு மேலே கடுகளவு மைக்கைப் பார்த்தபடி
மூச்சை அடக்கிக்கொண்டு.

கேட்டைத் தாண்டியதும் குரல் உடைந்தது.
ஞாயி... பொறு... கோ...
அப்புறம் கரகரப்பு.
அப்புறம்தான் என் போன் ஞாபகம் வந்தது காருக்கு.
"வடக்கு நோக்கிச் செல்லவும்" என்றாள் வழி சொல்பவள்.
காலையில் வடக்கு எது என்று யாருக்குத் தெரியும்?

சேவூர்.
எதில் கையெழுத்து?
திருவலம். அவள் வாயில் அது திருவாலம்.
இரும்புப் பாலத்தில் ஒரு மணல் லாரியின் பின்னால்
பொன்னையாற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.
கடனா, வேலையை விடுகிறாரா,
அவர் அப்பா பங்கு நிலமா,
இல்லை நவாஸோடு சேர்ந்து டயர்க் கடையா.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை தயார் செய்தேன்.
டயர்க் கடைக்கு இரண்டு.

மத்தியானம் சோற்று டப்பாவோடு காரில் உட்கார்ந்து
செட்டிங்கைத் திறந்தேன்.
தனகோட்டியின் மேல் விரலை அழுத்தினால்
"இந்தக் கருவியை நீக்கவா?" என்று கேட்கிறது.
எவ்வளவு சுலபமாகக் கேட்கிறது.
இல்லை என்றேன்.
உள்ளே அவருக்கு இரண்டு டிக்.
அழைப்பு. மீடியா.
அழைப்பை எடுத்தேன், மீடியாவை விட்டேன்.
பாட்டு வரட்டும்.
பேச்சு வருவதென்றால்
அவர் வாயாலேயே வரட்டும்.

சாயங்காலம் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினார்.
அணைக்கட்டில் அவர் சித்தப்பா மகளுக்கு நிச்சயம்.
பாட்டுகள் ஏறி உட்கார்ந்தன அவருடனேயே.
ஒவ்வொரு திருப்பத்துக்கும் பாட்டு குனிந்து
அவளுக்கு வழி விடும்,
அவள் சொல்லி முடித்ததும் நிமிரும்.
மாமியார் வந்து போகும் கூடம் மாதிரி.

அரியூர் தாண்டியதும் பாட்டு நின்றது.
அவர் கையில் மட்டும் மணி அடித்தது.
திரையைப் பார்த்தார், டேஷ்போர்டைப் பார்த்தார்.
"ஏன் இதுல வரல?"
"தெரியல. ஏதோ செட்டிங்."
காதோடு அழுத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி,
"ம்... ம்... இப்ப வேணாம்டா" என்று வைத்தார்.
பாட்டு விட்ட சொல்லின் பாதியிலிருந்து
ஒன்றுமே நடக்காததுபோல் ஆரம்பித்தது.

அவரே அதைக் குறைத்தார்.
"ஒண்ணு சொல்லணும்."
"இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்."
நிறுத்திக்கொண்டார்.
மறுபடி, "அது இன்னான்னா..."
"நூறு மீட்டரில் இடதுபுறம்..."

இவள் சத்தத்தைத் தனியாகத்தான் குறைக்க வேண்டும்,
அதுவும் இவள் பேசும்போது மட்டும்.
பாட்டுக்குத் திருகினால் இவளுக்குக் குறையாது.
குமிழில் விரலை வைத்துக் காத்திருந்தேன்.
"இடது..." என்றாள். திருகினேன்.
சுழி வரைக்கும்.

இடதுபுறம் ஒரு புளியமரமும் சைக்கிள் கடையுமாகக் கடந்துபோனது.
திரையில் அம்பு சத்தமில்லாமல் பதறியது.
நேராகவே போய்க்கொண்டிருந்தேன்.

"காலைல நவாஸ் பேசறப்போ," என்றார்,
ரோட்டைப் பார்த்தபடி,
"போன்ல யாரோ மூச்சு விட்டாங்களாம்."