திருத்தம்

ஸ்டோர்ஸுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று
கேட்டுக்குப் பக்கத்தில் பலகை மாட்டினோம்.
பெருந்துறை சிப்காட்டில் அன்றைக்குச்
சாயத் தண்ணி வாசம் கொஞ்சம் தூக்கல்.
நாலே நாளில்
இருநூற்றுப் பன்னிரண்டு உறைகள்.

காஞ்சிக்கோயில், குன்னத்தூர், ஊத்துக்குளி, விசயமங்கலம்.
ஊர்தான் வேறே,
எல்லோருக்கும் ஒரே லட்சியம்:
'தங்கள் மேலான நிறுவனத்தின் வளர்ச்சிக்கு
என் திறமையை முழுமையாக அர்ப்பனித்து...'
மூன்று சுழி போடவேண்டிய இடத்தில்
ரெண்டு சுழி.

அந்த ஒற்றைச் சுழி எங்கே தொலைந்ததென்று
எனக்குத் தெரியும்.
குன்னத்தூர் நால்ரோடு, அண்ணமார் கம்ப்யூட்டர்ஸ்.
பெயரை மட்டும் மாற்றி
பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள், பக்கம் பத்து ரூபாய்.
ஒன்பது வருசத்துக்கு முன்னால் நானும் அங்கே எடுத்தவன்தான்.
இந்த ஆபீஸ் பீரோவில் என் கோப்பு இருக்கிறது,
இன்னும் அந்தச் சுழி இல்லாமல்.

ஒருத்தன் பெயரைக்கூட மாற்ற மறந்திருந்தான்.
மேலே பூவேந்திரன்.
கீழே, மேற்கண்டவை யாவும் உண்மை என
உறுதி சொல்கிறவர் தேவசேனா.

பொழுதுபோக்கு: எல்லோரும் புத்தகம் வாசிக்கிறார்கள்.
ஊத்துக்குளி லைப்ரரியில் ஈ ஓட்டுகிறவரைக்
கேட்கவேண்டும் இதை.
கடின உழைப்பாளி, கடின உழைப்பாளி,
குழுவோடு இணங்கிப் பணியாற்றுவேன்,
கடின உழைப்பாளி.
மண்டபத்துப் பந்தியில் இலை போடுகிற மாதிரி
போட்டுக்கொண்டே போகிறார்கள் சொற்களை.
சோறு இன்னும் வரவில்லை.

நூற்று முப்பதாவதோ என்னவோ,
டீ ஆறி ஆடை கட்டிய நேரத்தில்
ஒரு தாள்.
ஒரே ஒரு தாள்.

கருணாம்பிகை, சேவூர்.
லட்சியம் இல்லை. போட்டோ இல்லை.
'நூல் குடோன், ஐந்து வருசம்.
நான் சேரும்போது மாசம் நாற்பது மூட்டை கணக்கில் உதைக்கும்.
விடும்போது மூன்று.
லாட் நம்பரைச் சாக்கின் வாயில் எழுதுவார்கள்,
தைக்கும்போது எழுத்து மடிந்துவிடும்.
வயிற்றில் எழுத வைத்தேன்.

பிறகு இரண்டரை வருசம் வேலைக்குப் போகவில்லை.
மாமனாருக்கு டயாலிசிஸ், வாரம் இரண்டு நாள் கோயமுத்தூர்.
அவர் இப்போது இல்லை.
எக்செல் தெரியும். டேலி சுமார்.
ராத்திரி ஷிப்ட் முடியாது.'

டேலி சுமார்.
திரும்ப ஒருமுறை படித்தேன் அதை.
இருநூற்றுப் பதினோரு பேருக்கும்
டேலி நன்றாக வருகிறது.

மேனேஜர் குழந்தைசாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"ரெண்டரை வருசம் சும்மா இருந்திருக்குதேப்பா."
"சும்மா இல்லீங்க. எழுதியிருக்குது."
"அதத்தான் கேக்கறேன். அதையெல்லாம் எதுக்கு எழுதோணும்?"
என்னிடம் பதில் இல்லை.
தாளை மேசையின் இடது மூலையில் வைத்தேன்.
இடது மூலை என்பது முடிவு இல்லை,
மின்விசிறிக் காற்று அங்கே கொஞ்சம் குறைவு,
அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆபீஸ் போன்.
"ஏனுங்க, சேவூர்ல இருந்து பேசறேன்.
அப்ளிகேசன்ல ஒரு தப்பு ஆயிப்போச்சுங்க.
மூணு மூட்டைன்னு எழுதிப்போட்டேன்.
பழைய நோட்டு இப்பத்தான் அட்டாலில கெடைச்சுது.
கடைசி மாசம் நாலுங்க.
சித்த பேனால அடிச்சு எழுதிக்கிறீங்களா?"

அடித்து எழுதினேன்.
பக்கத்தில் என் இனிஷியல், தேதி.
ஸ்டோர்ஸில் அதுதான் முறை.

தலையைத் தூக்காமலே கேட்டார் குழந்தைசாமி,
"போன்ல யாரப்பா?"

"ஸ்டோர்ஸுங்க" என்றேன்.