நாலுக்கு முன்னால் ஒரு கோடு

தார்த்து நகரில் பிப்ரவரி.
தாயாறு என்று பொருள்படும் பெயருள்ள ஆறு
உறைந்து கிடக்கிறது.
நீர்மேல் எழுத்து என்பார்களே,
இந்த மாதங்களில் இங்கே அதுவே கல்மேல் எழுத்து:
யாரோ சறுக்கிப்போன தடம்
போன வாரத்திலிருந்து அப்படியே.

மருத்துவமனையின் நான்காம் தளத்தில்
உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலைச்
சங்கிலிக்கு மாற்றுகிறோம்.
பார்னுவிலிருந்து வந்த தாவெத்
குளிரில் வெடித்த உதட்டோடு விளக்குகிறான்:
ஒவ்வோர் ஏட்டின் கைரேகையும்
அடுத்த ஏட்டின் நெற்றியில் பதிந்திருக்கும்.
ஆறு இடங்களில் ஆறு பிரதி.
ஒன்றைச் சுரண்டினால்
மற்ற ஐந்தும் கூச்சல் போடும்.
இனி ஆய்வகக் கருவியே நேராக எழுதும்,
நடுவில் பேனா கிடையாது.

நல்லதுதான்.
கப்பல் கம்பெனிக்காரர் ஒருவர்
போன மாதம் இயக்குநரை மூன்று முறை அழைத்தார்.
மூன்றாம் முறை இயக்குநர் சிரித்தேவிட்டாராம்:
"என்னிடமே சாவி இல்லை ஐயா."
பந்திக்கு முந்தியே பழகிய மனிதர்
பதினேழாம் எண்ணாக உட்கார்ந்திருக்கிறார்.

பழைய ஏடுகளை நான் வாசிக்க வாசிக்க
அவன் ஏற்றுகிறான்.
பச்சை அட்டை.
ஒன்பது வருடத்துக்கு முந்தைய நவம்பர்.
பக்கமெல்லாம் என் கையெழுத்து.

லீலோவுக்கு அப்போது பத்தொன்பது.
கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டிருந்தது.
மாத்திரை உறையைக் கிழித்துப் பறவை மடித்து
ஜன்னலில் வரிசையாக வைப்பாள்.
பிலிரூபின் நாலு புள்ளி ஒன்று.
அந்த அளவுக்கு அவள் முறை
வசந்தத்தில்தான் வரும்.
அவள் வசந்தத்தைப் பார்க்க மாட்டாள் என்று
எனக்குப் பட்டது.
பட்டது, அவ்வளவுதான்.
இரவு இரண்டு மணி. நீலப் பேனா.
நாலுக்கு முன்னால் ஒரு கோடு.

பதினாலு புள்ளி ஒன்று.

அந்த வாரமே கல்லீரல் வந்தது.
லீலோ இப்போது ஹாப்சாலுவில் பல் மருத்துவர்,
கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புவாள்.
அவளுக்கு முந்தைய வரியில் இருந்தவர்
எண்டெல் ரெபானே, காட்டிலாகா, ஐம்பத்தெட்டு வயது,
அதே ரத்த வகை.
டிசம்பர் ஒன்பதாம் தேதி.
அவரிடமிருந்து அட்டை வருவதில்லை.

"அடுத்த எண்?" என்றான் தாவெத்.
பதினாலு புள்ளி ஒன்று என்றேன்.
ஏற்றினான். உறைந்தது.

சங்கிலிக்குப் பொய் தெரியாது,
மாற்றினால் மட்டும்தான் தெரியும்.
நான் சொன்னதை அப்படியே காவல் காக்கும்,
திருடன் வளர்த்த
நல்ல நாய் மாதிரி.

சாயங்காலம் அவனிடம் சொன்னேன்.
மேலங்கியில் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே,
அப்படியே நின்றான்.
"அழிக்க முடியாது," என்றான் கடைசியில்.
"கீழே சேர்க்கலாம்."

சேர்த்தேன்.
பதிவு இருநூற்றுப் பன்னிரண்டில்
நாலுக்கு முன்னால் இருக்கும் கோடு
ரத்தம் சொன்னதல்ல, நான் போட்டது.
சால்மே உய்போ. தேதி.
மன்னிப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ரெபானேவின் மகளுக்கு
திறந்து பார்க்கும் உரிமை உண்டு.
பார்த்தது யார் என்று சங்கிலி காட்டாது,
எத்தனை பேர் என்று மட்டும்.

விசாரணை வரும். வரட்டும்.
காலையில் ஆற்றோரமாக நடந்து வந்து
திரையைத் திறந்தேன்.
என் பதிவுக்குக் கீழே,
வாசித்தவர் என்ற இடத்தில்
ஒரு கோடு.
முன்னால் ஒன்றும் இல்லை,
பின்னால் ஒன்றும் இல்லை.