ஒற்றை விசில்

போனஸ் வந்த வாரம்
விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில்
மூணு டஜன் விசில் வாங்கினேன்.
பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர்தான்.
டஜனைப் பிரிக்க மாட்டேன் என்றார் கடைக்காரர்.

ஒத்தக்கடை தாண்டி, யானைமலையைப் பார்த்த இல்லம்.
பிரியாணியும் கேக்கும் வந்து போகிற இடம்.
போட்டோ எடுத்த கையோடு
இலை எடுக்கும் முன்னே கிளம்பிவிடுவார்களாம்.
வார்டன் பெர்னதெத் அம்மா
என் பைக்குள் எட்டிப் பார்த்தார்:
"கண்டக்டர் சார், காது போயிரும்."
போனது.

எங்கள் பாஷையைச் சொல்லிக்கொடுத்தேன்.
ஒன்று என்றால் நில்.
இரண்டு என்றால் போகலாம்.
"மூணு ஊதினா?" என்றாள் ஒருத்தி.
மூன்றுக்கு அர்த்தம் கிடையாது.
அவர்களே ஒன்று வைத்துக்கொண்டார்கள்;
எனக்கு இன்னும் சொல்லவில்லை.

இருளாண்டி மட்டும் ஊதவில்லை.
கயிற்றைக் கழுத்தில் மாட்டி
சட்டைக்குள் விட்டு
மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டான்.

அடுத்த திங்கள், ஏழு இருபது மேலூர் வண்டி.
படிக்கட்டு வரைக்கும் கூட்டம்.
கம்பிவேலிக்குள்ளிருந்து ஒரு விசில்.
ஒன்றே ஒன்று.

டிரைவர் செல்லப்பாண்டி
பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட்டார்.
ஏற ஆளில்லை. இறங்க ஆளில்லை.
"எதுக்குய்யா நிக்குது?"
பூக்கூடை வைத்திருந்த அம்மாள் கத்தினாள்.

தான் நிறுத்திய பஸ்ஸை
முன் கண்ணாடி தொடங்கிப் பின் நம்பர் வரை
அவன் நிதானமாகப் பார்த்தான்.
டயரைக்கூட விடவில்லை.

டைம் கீப்பரிடம்
மூன்று நிமிடத்துக்கு என்ன சொல்வது
என்று யோசித்தபடி நின்றேன்.
அவன் இரண்டு ஊதும்வரை
நான் ஊதவில்லை.